பார்ட்டி மட்டும்தானா?

அமெரிக்கக் கல்லூரிகளின் சொரோரிட்டி (மாணவிகள் சேர்ந்து நடத்தும் சங்கம்) என்றால் பார்ட்டியும் பகட்டும்தான் என்று, அதைப் பற்றி இங்கே வந்த கட்டுரையை எழுதியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் படித்த கல்லூரியில் உள்ள ஒரு சொரோரிட்டியின் கிளைக்கு, முன்னாள் மாணவி என்ற முறையில் ஆலோசகராக இருக்கிறேன். சம்பளம் கிடையாது, கூட்டத்தில் ஓட்டும் கிடையாது. வேலையில் பாதி கணக்குவழக்குதான். பொருளாளர் 19 வயதுப் பெண். சந்தா பாக்கி வைத்திருப்பது அவளுடைய ரூம்மேட். "நீங்களே கேட்டுடுங்களேன்" என்பாள் பொருளாளர். கேட்க மாட்டேன்; தவணை பிரித்து எழுதி வாங்கச் சொல்லிக்கொடுப்பேன். (வீட்டில் என் பெண்ணிடம் இந்தப் பொறுமை வராது, அது வேறு விஷயம்.)

சொரோரிட்டியில் ராகிங் நடக்காதா என்று கேட்பவர்களுக்கு: 2024 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசு கொண்டுவந்த சட்டப்படி, கல்லூரிகள் ராகிங் சம்பவங்களை வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கான நிகழ்ச்சி நிரலை நான் முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படித்துவிடுவேன். "இரவு 11 மணி, ரகசியம்" என்று ஒரு வரி இருந்தால் போதும், உடனே போன்தான். பெரும்பாலும் ஐஸ்கிரீமாகத்தான் இருக்கும். அதைப் பகலிலேயே சாப்பிடுங்களேன் என்பேன்.

அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொரோரிட்டி, 1908-இல் கறுப்பின மாணவிகள் தொடங்கியது. பட்டம் வாங்கிய பிறகும் அங்கே உறுப்பினர்களாகவே தொடர்ந்து வேலை செய்கிறார்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.