கிலோ என்ன விலை?

(சென்னையில் ஒரு தெரு. காலை 7 மணி. குப்பை வாங்க வந்த தூய்மைப் பணியாளர் செல்வியை நோக்கி, ஓய்வுபெற்ற சுந்தரம் ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி வருகிறார்.)

சுந்தரம்: இதைத் தூக்கிப் பாரம்மா. இரண்டு கிலோ தேறும்.

செல்வி: என்ன சார், ஊறுகாயா?

சுந்தரம்: செல். ரிமோட், கடிகாரம், டார்ச் லைட் எல்லாவற்றிலும் இருந்து எடுத்தது. கிலோ என்ன விலை?

செல்வி: பழைய பேப்பர் கடையில் கேட்டீர்களா?

சுந்தரம்: பால் கவரை எடுத்துக்கொண்டு இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கார் பேட்டரி என்றால் ஈயம் இருக்கும், கொண்டுவாருங்கள் என்கிறார். காருக்கு நான் எங்கே போவேன்?

செல்வி: சரி, கொடுங்கள். (மூடியைத் திறந்து) ஐயோ, வெள்ளையாகப் பூத்திருக்கிறதே!

சுந்தரம்: உப்போ என்று நக்கிப் பார்க்கலாமென...

செல்வி: சார்!

சுந்தரம்: பார்க்கவில்லை. வீட்டில் கூப்பிட்டுவிட்டார்கள்.

செல்வி: அது செல்லில் இருந்து கசிந்த ரசாயனம். தோலையே அரிக்கும். அது இருக்கட்டும், இதில் ஏன் பல் தடம்?

சுந்தரம்: கடித்தால் இன்னும் ஒரு வாரம் ஓடும். மொட்டை மாடியில் வெயிலில் வைத்தால் மேலும் இரண்டு நாள். வடகத்துக்குப் பக்கத்தில்தான் காயவைப்பேன்.

செல்வி: அந்த வடகத்தைப் பொரித்தீர்களா?

சுந்தரம்: மாப்பிள்ளைக்குத்தான்.

(எதிர்வீட்டு பால்கனியில் துணி உலர்த்துபவர் ஒரே துண்டை நெடுநேரமாக உதறிக்கொண்டிருக்கிறார். காது மட்டும் இந்தப் பக்கம்.)

செல்வி: இது என்ன, சில்லறைக் காசா?

சுந்தரம்: பேரன் பொம்மையில் இருந்த பட்டன் செல். தீர்ந்துபோனதுதானே.

செல்வி: தீர்ந்த செல்லிலும் கொஞ்சம் மின்சாரம் மிச்சம் இருக்கும் சார். குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும். கழற்றியதும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள். இந்தச் சதுரமான 9 வோல்ட் செல்லுக்கும் ஒட்டுங்கள். இரண்டு முனையும் மேலேயே இருக்கிறது, இன்னொரு செல்லில் பட்டால் சூடாகிப் பற்றிக்கொள்ளும்.

சுந்தரம்: பென்சில் செல்லுக்கு?

செல்வி: வேண்டாம்.

சுந்தரம்: அப்பாடா, டேப் மிச்சம். அப்புறம், பழைய மொபைல் பேட்டரி ஒன்று பூரி மாதிரி உப்பியிருக்கிறது. ஊசியால் குத்திவிடவா?

செல்வி: குத்தினால் தீயணைப்பு வண்டிதான் வரும். குப்பை லாரியில் நசுங்கினாலே அது தீப்பிடிக்கும். இந்தப் பாட்டிலில் சேர்க்காமல் தனியாகக் கொண்டுவாருங்கள்.

சுந்தரம்: விற்ற கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டாமா?

செல்வி: வேண்டும். 2022இல் வந்த விதிப்படி பழைய பேட்டரியைச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு. மற்ற குப்பையோடு கலக்காமல் தருவது நம் பொறுப்பு. அதற்குத்தான் செல்லில் குப்பைத்தொட்டி படம் வரைந்து, அதன் மேல் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

சுந்தரம்: தொட்டியைத் திருடாதே என்று போட்டதாக நினைத்தேன்.

செல்வி: (பெருமூச்சோடு) செல் வந்த அட்டையையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து உலர் குப்பையில் போடுங்கள். பால் கவர் மூலையைத் துண்டாக வெட்டாதீர்கள். அந்தத் துணுக்கைப் பொறுக்க முடியாமல் அது சாக்கடைக்குத்தான் போகிறது.

சுந்தரம்: எல்லாம் சரி. காசு?

செல்வி: கிடையாது.

சுந்தரம்: பேட்டரி வண்டியில் வந்துகொண்டு பேட்டரிக்குக் காசு இல்லை என்கிறாயே, நியாயமா?

(செல்வி பாட்டிலைத் தனிப் பையில் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்புகிறார். வண்டி ஒரு முறை குலுங்கி நிற்கிறது.)

செல்வி: சார்ஜ் இறங்கிவிட்டது போலிருக்கிறது.

சுந்தரம்: (முகம் மலர்ந்து) கவலைப்படாதே அம்மா. எங்கள் மொட்டை மாடியில் இடம் இருக்கிறது.