கிராம்பு எண்ணெய் ஆன்டிபயாடிக்குக்கு மாற்று அன்று

கிராம்பு எண்ணெய் கிருமி வளர்க்கும் ஆய்வகத் தட்டில் ஆன்டிபயாடிக் வில்லையைவிட (மருந்து தோய்த்த சிறு வட்டு) தன்னைச் சுற்றிக் கிருமி வளராத பெரிய வளையம் காட்டியதால், பல் சீழுக்கு மாத்திரையே வேண்டாம், தினமும் சில சொட்டு விழுங்கினால் போதும் என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டியுள்ளது.

கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதியான யூஜெனால் பாக்டீரியாவின் செல் சவ்வைக் குலைப்பது உண்மைதான். ஆனால் அகார் (கிருமி வளர்க்க உதவும் கூழ்) தட்டில் நுண்ணுயிர் வளராத அந்த வளையம், வில்லையில் இட்ட அளவையும் அப்பொருள் அகாரில் பரவும் வேகத்தையும் பொறுத்தது. ஆகவே தண்ணீரில் கலக்காத எண்ணெயின் வளையத்தையும் மருந்தின் வளையத்தையும் அருகருகே வைத்து, எது வலியது என்று சொல்லவே முடியாது. வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவைப் பார்த்தால், எண்ணெய்களுக்குப் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கிலும், மருந்துக்கு வசப்படும் கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபயாடிக்குகளுக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராம் கணக்கிலும் தேவைப்படுகிறது. விழுங்கிய யூஜெனாலைக் கல்லீரல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுவதால், அவ்வளவு செறிவு தாடையைச் சென்றடைவதில்லை. சூடோமோனாஸ் போன்ற கிருமிகளோ இந்த எண்ணெய்களுக்கு எளிதில் மசிவதுமில்லை.

பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடுடன் யூஜெனாலைக் குழைத்துத் தற்காலிக அடைப்பாகப் பயன்படுத்துகிறார்கள். அது வலியை மரத்துப்போகச் செய்யும், உள்ளே தேங்கிய சீழை வெளியேற்றாது.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது அந்த 'விழுங்கலாம்' என்ற சொல். 5 முதல் 10 மில்லிலிட்டர் கிராம்பு எண்ணெயைக் குடித்த 2 வயதுக் குழந்தை, கல்லீரல் பாதிக்கப்பட்டு ஆழ்ந்த மயக்கத்துக்குப் போனது மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. தயவுசெய்து அந்தப் பரிந்துரையை நீக்குங்கள். சீழுடன் காய்ச்சலோ முகவீக்கமோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.