பத்திரிகையில் நாதஸ்வரம்

தங்கை கல்யாணப் பத்திரிகையை பிடிஎஃபில் அனுப்பலாம், திறந்ததும் நாதஸ்வரம் கேட்கட்டும் என்றார் மாமா. சரி, ஆடியோவைச் சேர்த்தாயிற்று. அப்புறம் கேள்விகள்: க்ளிக் செய்தால் ஓடவா, பக்கம் திறந்ததும் ஓடவா, அடுத்த பக்கம் போனால் நிற்கவா? மெனுவுக்குள் மெனு, பாபநாசம் மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து. எல்லாம் முடித்துத் திறந்தால், 'இந்த ஆவணத்தை நம்புகிறீர்களா?' என்கிறது. எங்கள் வீட்டுப் பத்திரிகையை நான் நம்பாமல்?

அதுவும் கணினியில் மட்டும்தான். போனில் உள்ள பிடிஎஃப் செயலிகளில் பெரும்பாலானவை மீடியாவைக் கண்டுகொள்வதே இல்லை. சொந்தக்காரர்களோ அத்தனை பேரும் போன்தான். அம்பாசமுத்திரத்துப் பெரியம்மை கூப்பிட்டு, "ஏலே, சத்தத்தையே காணோமே?" என்கிறாள். (2020 முடிவோடு, வீடியோ ஓட்டும் ஃபிளாஷ் மென்பொருள் நின்றதில் பழைய பிடிஎஃப் வீடியோக்கள் பலவும் இப்படித்தான் ஊமையாயின.) ஒரு எம்பி3-ஐ வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பினால் தட்டியதும் பாடுகிறது. பிறகு அந்த மெனுக்கள் எல்லாம் யாருக்காம்?