யாக்கோபின் தூதை எல்லோரும் மெச்சவில்லை
விவிலியத்தின் ஆதியாகமத்தில், தன்மேல் பகை கொண்ட அண்ணன் ஏசாவை எதிர்கொள்ள யாக்கோபு காணிக்கை, வேண்டுதல், போர் ஆகிய மூன்றுக்கும் ஆயத்தமானதை யூத மரபு ஒருமுகமாகப் பாராட்டுவதாக ஒரு கட்டுரை கூறுவது முழுவதும் சரியல்ல. அந்த மூன்றையும் வகுத்துச் சொன்னவர் 11-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு உரையாசிரியர் ராஷி. ஆனால் 13-ஆம் நூற்றாண்டின் ஸ்பானிய யூத உரையாசிரியர் நாக்மனிடீஸ், தன் வழியே போய்க்கொண்டிருந்த ஏசாவுக்கு வலியத் தூதனுப்பியதைக் கடிந்துகொண்ட பழைய ரபிகளை (யூத மத அறிஞர்களை) எடுத்துக்காட்டி, யூதேயாவை ஆண்ட ஹஸ்மோனியக் குல அரசர்கள், யூத மரபு ஏசாவின் வழியாகக் கருதும் ரோமுடன் செய்த உடன்படிக்கையே யூதரின் வீழ்ச்சிக்குத் தொடக்கம் என்கிறார். கி.மு. 161-இல் அக்குலத்தின் யூதா மக்கபே நட்பு நாடிய அதே ரோமின் தளபதி பாம்பே, கி.மு. 63-இல், ஹஸ்மோனியச் சகோதரர்களின் அரியணைச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்ல வந்து, எருசலேமையே பிடித்துக்கொண்டார். காணிக்கையாக, மந்தைக்கு மந்தை இடைவெளி விட்டு 200 வெள்ளாடுகளையும் குட்டிகளோடு 30 பால் ஒட்டகங்களையும் ஏசாவின் கண்ணில் படும்படி ஓட்டிவிட்ட சாமர்த்தியம் எனக்கும் பிடித்ததே. நாக்மனிடீஸும் அந்த மூன்று வழிகளைத் தள்ளிவிடவில்லை, கேட்காத இடத்தில் தூது போவதைத்தான் ஐயுறுகிறார்.