கண்ணாடி அலமாரிக்கு முன்னால் பதிவேடு

குமரி மாவட்டத்தில் ஒரு நூலகமோ பள்ளிக்கூடமோ இளைஞர் மன்றமோ "நம்ம ஊருக்கு ஒரு அருங்காட்சியகம்" என்று கிளம்பினால், கையில் இருக்கிற பணம் முதலில் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடுகிறது. அலமாரி வந்ததும் பொருள் சேர்க்கிறார்கள். பொருள் சேர்ந்தபிறகு யாருக்காவது நினைவு வந்தால் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழ். முதலில் வாங்க வேண்டியது கெட்டி அட்டை போட்ட, பக்க எண் அச்சடித்த ஒரு பதிவேடு. யார் வீட்டிலிருந்து வந்தது, யார் பயன்படுத்தியது, எதற்கு, எந்தக் காலம் வரை என்று எழுதப்படாத பொருள் பத்து வருஷத்தில் வெறும் பழைய சாமான் ஆகிவிடும். கொடுத்த ஆள் மறைந்தபிறகு கேட்க நாதி இல்லை.

அரண்மனைக்கும் போருக்கும் இங்கே இடம் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1741-இல் திருவிதாங்கூரிடம் டச்சுக்காரர் தோற்ற குளச்சலில் வெற்றித்தூண் நிற்கிறது, அந்தப் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பனையேறியின் கடிப்புக்கும், கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையின் கயிற்றுக்கும், கல்யாணத்துக்குக் கொடுத்த உருளிப் பாத்திரத்துக்கும்தான் ஊர் அளவில் இடம் வேண்டும்.

பனையேற்றுச் சாமான்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பனம்பாளையை, அதாவது பூங்குலையைச் சீவுகிற ஒரு பாளை அரிவாளை மட்டும் தனியாகத் தொங்கவிட்டு "பழங்கால அரிவாள்" என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். பார்க்கிற பிள்ளைக்கு அது புல்லறுக்கிற அரிவாள் மாதிரித்தான் தெரியும். அந்த அரிவாள் தனியாக வேலை செய்ததே இல்லை. காலைக் கட்ட தளைநார், மரத்தில் சாய்த்து முதல் ஏற்றம் ஏற முருக்குத்தடி, இடுப்பில் அரிவாள்பெட்டி, பாளையை நசுக்கிப் பக்குவப்படுத்தக் கடிப்பு, அக்கானி, அதாவது பதநீர், புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே தடவும் சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு தொழில். ஆண் பனைக்கும் பெண் பனைக்கும் கடிப்பு வேறு, ஏனென்றால் பாளை வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது எந்தப் பாளைக்கு என்று எழுதினால் அந்த ஒரு வரியிலேயே தொழில் அறிவு வெளியே வரும். கடிப்பின் உள்பக்கம் பாளை பட்டுப்பட்டு வழவழப்பாகியிருக்கும், கைபிடிக்கும் இடத்தில் வேர்வைக் கறுப்பு ஏறியிருக்கும். அதைச் சுரண்டி வார்னிஷ் அடித்து "சுத்தம்" செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கறுப்புதான் சாட்சி. தயவுசெய்து தொடாதீர்கள்.

பதிவேட்டில் எண் கொடுக்கும் முறை எளிது. 2025.4.1 என்றால் 2025-ஆம் வருஷம், நான்காவது கொடை, அதில் முதல் பொருள். ஒரே வீட்டிலிருந்து ஏழு சாமான் வந்தால் 2025.4.1 முதல் 2025.4.7 வரை. ஒரு வீட்டுச் சாமான் எந்தக் காலத்திலும் பிரிந்துபோகாது. பொருளின் மேல் நேராக மார்க்கரில் எழுதக்கூடாது. உலோகம், மரம் என்றால் கண்ணில் படாத இடத்தில் அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் எண், மறுபடி ஒரு பூச்சு. வேண்டாம் என்றால் பின்னால் அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிடலாம். அதற்குப் பதில் நகப்பூச்சு போட்டால் மஞ்சளித்து உரிந்துவிடும். ஓமல் என்கிற ஓலைக்கூடை, பெட்டி, பாய் போன்ற பின்னல் சாமானுக்கு எண் எழுதிய பருத்தி நாடாவைத் தளர்வாகக் கட்டினால் போதும். செல்லோ டேப் மட்டும் எதிலும் கூடாது. பசை ஊறிய கறை போகாது. பதிவேட்டை நகலெடுத்து இன்னொரு கட்டடத்தில் வையுங்கள். கொடுப்பவரிடம் இது கொடையா இரவலா என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் பேரப்பிள்ளைகள் காலத்தில் வந்த சண்டைகள் நிறைய.

பித்தளை, ஓட்டு (வெண்கல) பாத்திரங்களுக்கு நம் கைப்பழக்கமே எதிரி. புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், உண்மை. கூடவே வாய்விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரும் வருஷமும் தேய்ந்துபோகும். வீட்டுப் பெயர், பெண்ணின் பெயர், மலையாள ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டு எல்லாம் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. எழுத்து தெரியவில்லை என்றால் சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்காதீர்கள். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் கிடையாகப் பிடித்தால் ஒவ்வொரு புள்ளியும் நிழல் விட்டு எழுந்துவரும். அப்படியே படம் எடுத்துவிடலாம்.

அந்தக் கொல்லம் ஆண்டை ஆங்கில வருஷமாக மாற்றுவதில் தப்பு நிறைய நடக்கிறது. எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிடுகிறார்கள். கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது சிங்ஙத்தில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். குமரி தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1 கொல்லம் 1132 துலாம், அதாவது ஐப்பசி மாதம். 824 கூட்டினால் சரியாக வரும், 825 கூட்டினால் ஒரு வருஷம் தள்ளிப்போகும். மாதம் இல்லாமல் ஆண்டு மட்டும் வெட்டியிருந்தால் அட்டையில் இரண்டு வருஷத்தையும் சேர்த்தே எழுதுங்கள். பழைய ஆதாரங்களில், அதாவது பத்திரங்களில் வரும் பணக்கணக்குக்கும் அட்டையில் விளக்கம் வேண்டும்: 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

ஈரப்பதம் அடுத்த தலைவலி. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது, கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. அலமாரியைச் சுவரை ஒட்டிப் போடாமல் நாலு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள், பின்பலகையில் வலை அடித்த காற்றுத்துளை வையுங்கள். சிலிக்கா ஜெல் வைத்தால் போதும் என்று இருந்துவிடக்கூடாது. நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வைக்க வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் அது வெறும் மணல்தான்.

ஓலைச்சுவடி இந்த மண்ணில் நிறைய உண்டு, குறிப்பாக வர்மமும் வைத்தியமும். வந்தவுடன் ஏடுகளை "வரிசைப்படுத்த" வேண்டாம். இருக்கிற வரிசையிலேயே இரண்டு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தி கொடுத்துப் பிரித்தால் எழுத்தோடு தோல் உரியும், பயிற்சி உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டியபின் எலுமிச்சம்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மிக லேசாகத் தடவலாம். தேங்காயெண்ணெய் சிக்குப்பிடித்துத் தூசியை இழுக்கும். ஏட்டைவிடச் சற்றுப் பெரிய இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, பருத்தித் துணியில் சுற்றி, கயிற்றை இறுக்காமல் கட்டுங்கள்.

மரச்சாமானிலும் பெட்டியிலும் பொடி உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. மருந்து அடிப்பதைவிடக் குளிர் நல்லது. பாலித்தீன் உறையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, ஒட்டி மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைக்க வேண்டும். ஐஸ்கிரீம் கடைக்காரர் மனசு வைத்தால் அவருடைய டீப் ஃப்ரீசரே போதும், குளிர் அந்த அளவுக்கு இறங்காவிட்டால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடக்கூடாது. ஒரு நாள் முழுக்க மூடியே இருக்கட்டும், இல்லையென்றால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சாயம் பூசிய தோல்பாவைக்கும் ஓவியத்துக்கும் இந்த வழி ஆகாது.

பூமியைத் தோண்டும்போது கிடைத்த நாணயம், சிலை யாராவது கொண்டுவந்தால் வாங்கி வைக்காதீர்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அது கலெக்டருக்குப் போக வேண்டியது. தாசில்தாரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பதிவேட்டில் கொடுத்தவர்களின் தெருவை மட்டும் எண்ணிப் பாருங்கள். எல்லாம் ஒரே தெருவிலிருந்தோ ஒரே கோவில், ஒரே சபை ஆட்களிடமிருந்தோ வந்திருந்தால், அது அந்தக் கூட்டத்தின் பெருமை, ஊர் வரலாறு இல்லை. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி அட்டை எழுதினால் அதற்கு அனுமதி தந்த 1859 பிரகடனத்தோடு நிறுத்தாமல், அதற்குமுன் யாருக்கு எது மறுக்கப்பட்டது, யார் மறுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். சங்கடப்படுவார்கள்தான். சங்கடத்தை மறைக்கிற அட்டையால் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காது.

நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை மேடை, மாலை, பொன்னாடை எல்லாம் குறையட்டும். கல்வெட்டு மைப்படி எடுப்பதை, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பதை, ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொடுக்கலாம். கோவில் கல்லில் அனுமதியில்லாமல் கைவைக்கக்கூடாது என்பதால், மயிலாடிச் சிற்பிகளிடம் நாலு வரி வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டிய ஒரு பயிற்சிக்கல் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்கி, அரைகுறையாக உலர்ந்ததும் மைத்திண்டால் ஒற்ற வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் மை ஒற்றினால் எழுத்துக்குள் மை பாய்ந்து எல்லாம் ஒரே கறுப்பு.

வில்லிசை ஆசானை அழைத்தால் கதைப்பாட்டோடு வில், குடம், உடுக்கை, வீசுகோல் ஒவ்வொன்றையும் தனியாக வாசித்துக் காட்டச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சில பகுதிகள் கோவில் கொடைவிழாவில் சாமி வரும் நேரத்துக்குரியவை, அதை மேடையில் பாடச் சொல்லி வற்புறுத்தக்கூடாது.

நவம்பர் 1 மாவட்டத்துக்கே விடுமுறை. அன்றைக்குப் பழைய புகைப்பட நாள் வைக்கலாம். வீட்டுப் படங்களை எடுத்துவரச் சொல்லி, 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, மூலப்படத்தை அன்றே கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதாமல், தனித்தாளில் இடமிருந்து வலமாகப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத முகத்துக்கு ஒரு எண் போட்டு, அந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் வாசலில் ஒட்டுங்கள். மதியத்துக்குள் பாதிப் பேருக்கு அடையாளம் சொல்ல எந்த வீட்டுப் பாட்டியாவது வந்துவிடுவார்.