ஆணி அடிக்க முடியாத வீடு

சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் கொலம்பஸ் நகரில் இருக்கும் ஒஹாயோ வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். கூடத்துக்குள்ளேயே ஒரு முழு வீடு நின்றது. உள்ளே நடமாடலாம், இழுப்பறைகளைத் திறந்து பார்க்கலாம். படுக்கையறைச் சுவரை விரல் முட்டியால் தட்டினேன். ணங் என்றது. சின்ன வயதில் பாட்டி வீட்டில் சாப்பிட்ட எனாமல் தட்டின் அதே சத்தம்.

அதுதான் லஸ்ட்ரான் வீடு; லஸ்ட்ரான் என்பது அதைச் செய்த கம்பெனியின் பெயர். வெளிச்சுவர், உள்சுவர், கூரை ஓடு எல்லாமே எஃகுத் தகடு. அதன்மேல் சூளையில் சுட்டு உருக்கிய எனாமல் பூச்சு. பெயின்ட் அடிக்கத் தேவையில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும். படம் மாட்ட ஆணி அடிக்க முடியாது, காந்தத்தால் ஒட்டி வைக்க வேண்டியதுதான். அன்றிலிருந்து இந்த வீடுகள் மேல் எனக்கு ஒரு பித்து. மத்திய மேற்கு மாநிலங்களில் எந்த ஊருக்குப் போனாலும் கண் தானாகத் தேடும்.

இந்த வீடு பிறந்த கதையே தனி. இரண்டாம் உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பியபோது அமெரிக்காவில் குடியிருக்க வீடு இல்லை. எஃகையும் அரசு அளந்துதான் கொடுத்தது. சுவீடனில் பிறந்த கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட் 1946இல் வாஷிங்டனுக்குப் போனதே பெட்ரோல் பங்க் கட்ட எஃகு கேட்டுத்தான். அவர் வேலை பார்த்த சிகாகோ கம்பெனி பங்க்குகளுக்கு எனாமல் தகடு செய்துகொண்டிருந்தது. பங்க்குக்கு எஃகு கிடையாது, வீடு கட்டுவதென்றால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, வீடே கட்டுகிறேன் என்று இறங்கிவிட்டார் மனிதர்.

அரசு 3 கோடியே 70 லட்சம் டாலருக்கும் மேல் கடன் கொடுத்தது. போரின்போது விமானம் செய்த கொலம்பஸ் ஆலையில் வேலை தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 3,000க்கும் அதிகமான பாகங்கள். கட்டும் வரிசைப்படி அடுக்கி, ஒரே டிரெய்லரில் ஊர் ஊராக அனுப்பினார்கள். கான்கிரீட் தளத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கினால் வீடு. ஆனால் நினைத்த வேகத்தில் வீடுகள் வெளிவரவில்லை. விலை 10,000 டாலரைத் தொட்டது. பல நகரங்களின் கட்டட விதிகளுக்குள் எஃகு வீடு அடங்கவில்லை. 1950இல் அரசு கடனைத் திருப்பிக் கேட்க, ஆலை மூடப்பட்டது. மொத்தம் வெளிவந்தவை சுமார் 2,500 வீடுகள்தான்.

“ஆலையில் அச்சுப் போட்ட மாதிரி வந்த வீடு, ஒன்றைப் போலவே இன்னொன்று. இரண்டை இடித்தால் என்ன குறைந்துவிடும்?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஒன்றைப் போலவே இன்னொன்று இருப்பதால்தான் ஒவ்வொன்றும் முக்கியம். ஆலை மூடியதோடு இந்த எனாமல் தகடுகள், அதாவது பேனல்கள், வருவது நின்றுவிட்டது. மரக்கிளை விழுந்து இரண்டு பேனல் நசுங்கினால், மாற்றுவதற்கு இன்னொரு லஸ்ட்ரான் வீட்டிலிருந்துதான் கழற்றி வர வேண்டும். ஒரு வீட்டை புல்டோசர் விட்டு நொறுக்கும்போது, மிச்சமிருக்கும் அத்தனை வீடுகளுக்குமான உதிரிபாகமும் சேர்ந்தே குப்பைக்குப் போகிறது.

வர்ஜீனியாவில் குவாண்டிகோ என்ற மரைன் படைத் தளத்தில் 60 லஸ்ட்ரான்கள் வரிசையாக நின்றன. ஒரே இடத்தில் அத்தனை வேறெங்கும் கிடையாது. 2006 வாக்கில், கழற்றி எடுத்துப் போகிறவர்களுக்கு இலவசம் என்று அறிவித்தார்கள். முன்வந்தவர்கள் வெகு சிலர். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் போய்விட்டன. இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. கழற்றும் கூலி, லாரி வாடகை, பாகங்களை வைக்க இடம், இவ்வளவும் ஒரு தனி ஆள் தலையில் விழுந்தால் எத்தனை பேர் வருவார்கள்? இலவசம் என்று சொல்வதோடு, கழற்றவும் காசு கொடுத்திருக்க வேண்டும்.

கழற்றி மாட்ட முடியும் என்பதற்கு நான் பார்த்த அந்த அருங்காட்சியக வீடே சாட்சி. வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் குடும்பம் வாழ்ந்த வீடு அது. போல்ட் போல்ட்டாகப் பிரித்து, 2008இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். அப்புறம் செய்த ஊருக்கே திரும்பி வந்தது.

ஆனால் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்பதால் காரியம் முடிந்துவிடாது. இது குடியிருக்கச் செய்த வீடு. குடியிருப்பவர் ஜன்னலை மாற்றினாலே சண்டைக்குப் போகிற பழைய கட்டடப் பாதுகாப்பு ஆர்வலர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தப் பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் வழியாக ஒஹாயோ ஜனவரிக் குளிர் எப்படி இறங்கும் என்று அங்கே படுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். வெப்பமும் தலைக்கு மேலே உட்கூரையிலிருந்துதான் வரும், கால் சில்லிட்டே இருக்கும். ஜன்னலை மாற்றட்டும், ஹீட்டரை மாற்றட்டும். எனாமலில் துளை மட்டும் போடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பாட்டியின் தட்டில் விளிம்பு சில்லுத் தெறித்த இடம் முதலில் கறுக்கும், பிறகு துரு மெல்ல மெல்ல பூச்சுக்கு அடியில் பரவும். இந்தச் சுவருக்கும் அதே கதிதான். டிஷ் ஆன்டெனாவுக்காகப் போட்ட நான்கு ஸ்க்ரூவிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒழுகிய கோடுகளை ஒரு வெளிர்மஞ்சள் வீட்டில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த பேனல்கள் எழுபது வருடம் கழித்தும் நேற்றுச் சுட்டவை மாதிரி மின்னின.

மத்திய மேற்கில் இருக்கும் நண்பர்களே, இரண்டடிக்கு இரண்டடி சதுரத் தகடு பதித்த சின்ன வீடு, உலோக ஓடு, வாசல் மூலையில் வளைந்து வளைந்து ஏறும் கம்பித் தூண் கண்ணில் பட்டால் அது லஸ்ட்ரானாகத்தான் இருக்கும். விற்பனைப் பலகை தொங்கினால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பக்கத்து ஊர் லஸ்ட்ரான்காரர் யாராவது ஒருவருக்கு அதில் இரண்டு பேனல் தேவைப்படும்.