மைக் கிடைத்தால் விடவே மாட்டார்களா?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு, அரியாங்குப்பம் நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது ஒரு படத்தின் திரையிடலில் அதன் இயக்குநர் பேசுவதைக் கேட்கத்தான். 13 வயதுப் பெண் ஒருத்தி வளர்வதைப் பற்றிய சின்னப் படம். தியேட்டருக்கெல்லாம் வராது, இப்படி யாராவது திரையிட்டால்தான் உண்டு. முடிந்ததும் பெயர்கள் ஓடும்போதே விளக்கைப் போட்டுவிட்டார்கள். அத்தனை பேர் உழைப்பு அது! இரண்டு நிமிடம் பொறுக்க முடியாதா?

அப்புறம் மைக். "கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று ஒருவர் எழுந்தார். எழுந்தவர் உட்காரவே இல்லை. தன் இளமைக்காலம், அந்தக்கால சினிமா, இந்தக்காலப் பிள்ளைகள், எல்லாம் வந்தது, பார்த்த படம் மட்டும் வரவில்லை. அடுத்தவர் முடிவை எப்படி மாற்றியிருக்க வேண்டும் என்று இயக்குநருக்கே வகுப்பெடுத்தார். ஒவ்வொரு முறையும் இதேதான். பின்வரிசையில் ஒரு பள்ளிக்கூடப் பெண் முதலிலிருந்தே கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் வயதுக் கதைதானே ஐயா அது? அவளிடம் மைக் போகவே இல்லை. நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் திரைப்பட விருது கொடுக்கிற ஊரில் இப்படி நடக்கலாமா? நேரமாகிவிட்டது என்று சால்வையைப் போர்த்தி முடித்துவிட்டார்கள். என்ன கேட்க நினைத்தாளோ, அந்தப் பெண்.